வீட்டுப் பாதுகாப்புக்கு ஏஆர்-15: ரைஃபிள், ரெட் டாட், தோட்டா எது எடுக்கலாம்? (டெக்சஸ்)

கேட்டி_குடும்பஸ்தன்

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். போன மாதம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி, ஆட்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே பின்கதவை உடைத்து நுழைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

மாடி வீடு. படுக்கையறை எல்லாம் மேலே. பையனுக்கு 14, பெண்ணுக்கு 9. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஐந்தாறு மாதம் தங்குவார்கள்.

ஆபீஸில் கேட்டால் எல்லாரும் ஏஆர்-15 என்கிறார்கள். கடையில் 600 டாலரிலிருந்து 2,500 வரை, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கருப்பாக மாட்டி வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது? மேலே ஸ்கோப் வேண்டுமா? தோட்டா எது? மொத்தம் 1,800 டாலர் வரை ஒதுக்கலாம். ஊரில் பலூன் சுட்டதோடு சரி, துப்பாக்கி அனுபவம் கிடையாது.

மான்வேட்டை_மாமா

தம்பி, ஏஆர் எல்லாம் எதுக்கு? 12 கேஜ் பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்று வாங்கி, டபுள் ஆட் பக்‌ஷாட் போட்டு வையுங்கள். அந்த 'சக்-சக்' சத்தம் கேட்டாலே வந்தவன் ஓடிவிடுவான். முந்நூறு, நானூறு டாலரில் வேலை முடிந்தது.

ஆஸ்டின்_அண்ணாச்சி

மாமா, மான் விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இதில் ஒத்துக்கொள்ள முடியாது.

சத்தம் கேட்டு ஓடுவான் என்று நம்பி ஒரு திட்டம் போடக்கூடாது. ஓடாவிட்டால்? அப்புறம் டபுள் ஆட் ஷெல் ஒன்றில் எட்டு ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் .33 அங்குலம். நம் ட்ரைவால் (ஜிப்சம் அட்டை) சுவரை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துப் போகும். இலக்கில் ஏழு பட்டு, தப்பிய இரண்டு எங்கே போயின என்பதற்கும் சுட்டவர்தான் பொறுப்பு. பழக்கம் இல்லாதவருக்கு 12 கேஜின் உதையும் பம்பை முழுசாக இழுக்காமல் விடுவதும் பெரிய தொல்லை. வாங்கிய பலரும் இரண்டாவது தடவை ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போவதில்லை.

கேட்டி நண்பருக்கு: ஏஆர் நல்ல தேர்வுதான். நீளம் இருப்பதால் தோளில் நிற்கும், உதை குறைவு, வீட்டம்மாவும் பழகலாம். 600 டாலருக்கும் 2,500க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ரூகர் ஏஆர்-556, ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி15 ஸ்போர்ட் வரிசை போதும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் பிசிஎம் கம்பெனி. கடையில் பார்க்க வேண்டியவை:

பேரல் (குழல்) 16 அங்குலம். அதற்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டு என்எஃப்ஏ (தேசியத் துப்பாக்கிச் சட்டம்) கணக்கில் எஸ்பிஆர், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள் ஆகிவிடும், தனிப் பதிவு. முதல் துப்பாக்கிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

கேஸ் சிஸ்டம் (வெடித்த வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு) 'மிட்-லெங்த்' என்றால் சுடும்போது இன்னும் மென்மையாக இருக்கும்.

சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) 5.56 அல்லது .223 வைல்ட் என்று எழுதியிருக்கட்டும். இரண்டிலும் .223, 5.56 இரண்டு தோட்டாவும் போடலாம். வெறும் .223 சேம்பரில் 5.56 போடக்கூடாது, அழுத்தம் அதிகமாகிவிடும்.

போல்ட் கேரியரின் (உள்ளே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம்) மேலே இருக்கும் கேஸ் கீயின் இரண்டு திருகுகளைப் பாருங்கள். பக்கத்து உலோகத்தை உளியால் அடித்துத் திருகின் மேல் அழுத்தியிருப்பார்கள். 'ஸ்டேக்கிங்' என்பது அதுதான். பின்னால் தோள்கட்டைக் குழாயை இறுக்கும் கேசில் நட்டிலும் அதே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடச்சுடத் தளரும். பளபளப்பான பெயிண்டைவிட இந்த இரண்டு இடத்தில்தான் தயாரித்தவரின் அக்கறை தெரியும்.

வரிசைல_நிக்கிறேன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு பாஸ் ஆகி வருடக்கணக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு வழி உண்டா? நண்பர்கள் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுகிறார்கள், அதற்குத் தடை இல்லை என்று சொல்கிறார்கள்.

ஆஸ்டின்_அண்ணாச்சி

கவனமாகப் படியுங்கள், இது விளையாட்டு இல்லை. எச்-1பி, எஃப்-1, பி-2 எல்லாமே 'நான்-இமிகிரண்ட் விசா', தற்காலிகமாக வருகிறவர்களுக்கானது. பெடரல் சட்டத்தில் இவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே குற்றம். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைத் தொட்டாலும் அது வைத்திருப்பதுதான். 2022 சட்டத்துக்குப் பிறகு தண்டனை 15 ஆண்டு வரை.

விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் தடை விலகுகிறது. கடைக்காரரும் அதைத்தான் கேட்பார். ஆனால் டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடியும். எப்போது வாங்கினாலும் முடிவது அன்றுதான். புதுப்பிக்காமல் விட்டால், செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். இவ்வளவு வருடம் வரிசையில் நின்றுவிட்டு இதற்காக எல்லாவற்றையும் இழக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வாங்குவதென்றால் முதலில் இமிகிரேஷன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கேட்டி நண்பரே, கிரீன் கார்டுக்கு இந்தத் தடை இல்லை. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் குடியுரிமை 'இந்தியா' என்று போட்டு, கார்டில் உள்ள யுஎஸ்சிஐஎஸ் எண்ணை எழுத வேண்டும். என்ஐசிஎஸ் பின்னணிச் சோதனையில் சில சமயம் 'டிலே' வரும், பதற வேண்டாம்.

இதே சட்டம் உங்கள் அப்பா அம்மாவுக்கும் உண்டு. பி-2 விசிட்டர் விசாவில் வருகிறவர்கள். துப்பாக்கியைப் பூட்டும் சேஃபின் எண்ணை அவர்களிடம் சொல்லக்கூடாது, சாவியைக் கொடுத்து வைக்கக்கூடாது.

நியூஜெர்சி_நாயகன்

எல்லாரும் எந்த பிராண்டு என்று பேசுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி: 14 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இது தேவையா? இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வருடா வருடம் அரசின் சுகாதார அமைப்பான சிடிசி வெளியிடுகிற கணக்கு. வந்தவனைச் சுடுவதைவிட, வீட்டுப் பிள்ளை ஒரு கெட்ட நாளில் அதை எடுப்பதுதான் எனக்குப் பயம்.

பிரிஸ்கோ_பாவை

நாயகன் சார் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. நான் துப்பாக்கி வைத்திருக்கிறவள், வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் ரேஞ்சுக்குப் போகிறவள். அப்படியும் சொல்கிறேன், பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் செலவு சேஃப், துப்பாக்கி இரண்டாவது. பையனுக்கு மனசு சரியில்லாத காலம் வந்தால் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியே அனுப்பத் தயாராக இருக்க வேண்டும்.

டெக்சஸ் சட்டமும் இருக்கிறது. கவனக்குறைவாக வைத்த சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போனால், வைத்தவர் மேல் குற்றம். சேம்பரில் ரவுண்டு (தோட்டா) இல்லை, மேகசினில்தான் (தோட்டாப் பெட்டி) இருக்கிறது என்ற சாக்கு எடுபடாது. லோடு ஆகியிருந்தால் போதும்.

சேஃப் வாங்கும்போது விரல்ரேகைப் பூட்டை நம்ப வேண்டாம். வியர்த்த கை, ஈரக் கை என்றால் திறக்காது. அழுத்தும் பொத்தான்கள் உள்ள மெக்கானிக்கல் பூட்டு நல்லது, பேட்டரி தேவையில்லை, இருட்டில் தடவியே திறக்கலாம். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் (ஸ்டட்) லேக் போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் சேஃபோடு தூக்கிப் போவான். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து துப்பாக்கி சேஃபுக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி இல்லை. பிள்ளைகளுக்கு எண் தெரியக்கூடாது. வீட்டில் எல்லோரும் பிறந்தநாளைத்தான் எண்ணாக வைக்கிறோம், பிள்ளைகள் முதலில் அழுத்திப் பார்ப்பதும் அதைத்தான்.

கேட்டி_குடும்பஸ்தன்

பாவை மேடம், நாயகன் சார், நன்றி. சேஃபை முதலில் வாங்குகிறேன். வீட்டம்மாவிடம் நீங்கள் எழுதியதைக் காட்டினேன், அவருக்கும் அதே எண்ணம்தான். இனி ஸ்கோப், தோட்டா பற்றிச் சொல்லுங்கள்.

பிரிஸ்கோ_பாவை

வீட்டுக்குள் ஸ்கோப் வேண்டாம். அதிகபட்ச தூரமே பதினைந்து கஜம்தான் இருக்கும். ரெட் டாட் போதும், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டு கண்ணும் திறந்தபடி பார்க்கலாம், புள்ளியை வைத்து ட்ரிகரை அழுத்த வேண்டியதுதான். எப்போதும் எரிந்தபடியே விட்டுவைக்கிற மாதிரி எடுங்கள். எய்ம்பாயிண்ட் ப்ரோ ஒரு பேட்டரியில் சுமார் 30,000 மணி நேரம் ஓடும், அதாவது மூன்று வருடத்துக்கு மேல். ஹோலோசன் விலை குறைவு, அசைத்தால் தானே எரியும் வகையும் உண்டு. இயோடெக் பார்க்க அருமை, ஆனால் பேட்டரி அவ்வளவு காலம் வராது. ராத்திரி திடீரென்று எடுக்கும் துப்பாக்கியில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு விஷயம் சோதித்துவிட்டு வாங்குங்கள். கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, மத்தாப்பு மாதிரி சிதறித் தெரியும். கடையில் மங்கலான பக்கம் திரும்பிப் பாருங்கள். சிதறினால் ஒன் எக்ஸ் (பெரிதாக்கிக் காட்டாத) ப்ரிஸம் எடுங்கள். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கும், பேட்டரி செத்தாலும் கருப்பாகத் தெரியும்.

ரெட் டாட்டைவிட முக்கியம் துப்பாக்கியில் மாட்டும் விளக்கு. ஷ்யூர்ஃபயர் வாங்க முடியாவிட்டால் ஸ்ட்ரீம்லைட் ப்ரோடாக். விளக்கு இல்லாத துப்பாக்கியை வீட்டுக்குள் ராத்திரி எடுக்கவே கூடாது என்பேன். உங்கள் வீட்டிலேயே பாருங்கள், ஊரிலிருந்து வந்த முதல் பத்து நாள் அப்பா அம்மாவுக்குத் தூக்கம் வராது. மூன்று மணிக்குக் கீழே இறங்கி, பிள்ளைகள் எழுந்துவிடக்கூடாது என்று லைட் போடாமல், இருட்டில் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு டீ போடுவார்கள். நம் வீடுகளில் நடுராத்திரி இருட்டில் நடமாடுகிற ஆள் யார் என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது அது சொந்தக்காரர்தான்.

மான்வேட்டை_மாமா

இது நூற்றுக்கு நூறு உண்மை. என் மாமனார் அப்படித்தான்.

ஆஸ்டின்_அண்ணாச்சி

1992ல் லூசியானாவில், பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் வீடு மாறிப் போய் மணியடித்தான். 'அசையாதே' என்று அந்த வீட்டுக்காரர் கத்தியது அவனுக்குப் புரியவில்லை. சுட்டுவிட்டார், பையன் செத்துப்போனான். கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனார், சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். டெக்சஸில் சட்டம் வீட்டுக்காரருக்குச் சாதகம் என்று எல்லாரும் மார்தட்டுவார்கள். சாதகம்தான். ஆனால் யாரைச் சுட்டோம் என்பதை எந்தச் சட்டமும் மாற்றித் தராது.

அதனால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு திரியாதீர்கள். மேலே படுக்கையறை என்பது உங்களுக்கு நல்ல அமைப்பு. பிள்ளைகளை ஒரு அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, மனைவி 911ல் பேச, நீங்கள் மாடிப்படியின் தலையில் நில்லுங்கள். மேலிருந்து கீழ்நோக்கி என்றால் தவறிய குண்டும் தரையில் போகும். பக்கவாட்டில் என்றால் பத்தடி தள்ளி அடுத்த வீட்டுப் பிள்ளையின் படுக்கையறை. அப்பா அம்மா எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதை அவர்கள் வரும் ஒவ்வொரு தடவையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கீழ் அறையைக் கொடுத்தால் இந்தத் திட்டமே செல்லாது. முழங்கால் வலி என்று பெரும்பாலும் கீழ் அறையைத்தான் கொடுப்போம். அவர்கள் இருக்கும் மாதங்களில் படிக்கட்டு விளக்கையும் அடுக்களை விளக்கையும் ராத்திரி முழுக்க எரியவிடுங்கள்.

இப்போது தோட்டா. ரைஃபிள் என்றால் சுவர் சுவராகத் துளைக்கும், பிஸ்டல் துளைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ட்ரைவாலில் சோதித்தவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் கண்டிருக்கிறார்கள். 9 எம்எம் குண்டு கனமானது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) விரிவடையும் .223 குண்டு வேகமானது, இலேசானது. முதல் சுவரிலேயே புரண்டு உடையத் தொடங்கும். அதற்காகச் சுவரில் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று உள்சுவரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். குறைவு என்பது ஒப்பிட்டால்தான்.

வாங்க வேண்டியது சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் தெரிவது) அல்லது போலிமர் முனை: ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் ஃபியூஷன், ஹார்னடி 55 கிரெய்ன் போன்றவை. வாங்கக்கூடாதது எம்855, பச்சை முனை உள்ளது. உள்ளே எஃகு முனை இருக்கிறது, வீட்டுக்கு அது தேவையில்லை. பயிற்சிக்கு மலிவான 55 கிரெய்ன் எஃப்எம்ஜே (உலோக உறை போட்ட குண்டு) பெட்டி பெட்டியாக. ஆனால் பாதுகாப்புத் தோட்டாவிலும் குறைந்தது இரண்டு மூன்று மேகசின் சுட்டுப் பாருங்கள், உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று.

வேறு அளவுத் தோட்டா போடும் .300 பிளாக்கவுட் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பரோடு ரேஞ்சுக்குப் போனால் மேகசின்களைத் தனித்தனி நிறத்தில் வையுங்கள். இரண்டுக்கும் மேகசின் ஒன்றுதான், சில .300 ரவுண்டு 5.56 சேம்பரில் உட்கார்ந்தும் விடும். அழுத்தினால் துப்பாக்கி வெடித்துப் போகும்.

கேட்டி_குடும்பஸ்தன்

அண்ணாச்சி, ரூகர் வாங்கிவிட்டேன். சேஃபும் சுவரில் ஏறிவிட்டது. ஹோலோசன் மாட்டினேன், கண்ணில் சிதறல் இல்லை. ரேஞ்சில் 25 கஜத்தில் புள்ளியும் ஓட்டையும் சரியாக ஒரே இடத்தில் வரும்படி திருகிவிட்டேன். சரிதானே? வீட்டில் எந்த நிலையில் வைப்பது?

பிரிஸ்கோ_பாவை

ஜீரோ, அதாவது புள்ளியும் ஓட்டையும் ஒன்றாக்குவதை, 50 கஜத்தில் செய்யுங்கள். உள்ளரங்கு ரேஞ்சில் 25 கஜம்தான் என்றால், 25ல் புள்ளிக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் கீழே படும்படி வைத்தால் 50க்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். பிறகு ஒரு நாள் வெளிரேஞ்சில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்புத் தோட்டாவை வைத்தே செய்யுங்கள், பயிற்சித் தோட்டா வேறு இடத்தில் படலாம்.

இதைவிட முக்கியம், ரெட் டாட் பேரலுக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அறைக்குள் ஏழு கஜத்தில் சுட்டால் புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்கும் கீழே படும். காகிதத்தில் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள், மனதில் நிற்கும். மாடிப்படிக் கைப்பிடியும் இதில் சேர்ந்தது. கண்ணுக்குக் கைப்பிடியின் மேலே வழி தெளிவாகத் தெரியும், பேரலுக்கு முன்னால் கட்டை இருக்கும். துப்பாக்கியை முழுக்கக் காலி செய்து, மேகசினை வேறு அறையில் வைத்துவிட்டு, நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று பாருங்கள்.

ஆஸ்டின்_அண்ணாச்சி

வைக்கும் நிலை: சேம்பர் காலி, போல்ட் மூடி, சேஃப்டி போட்டு, லோடு செய்த மேகசின் மாட்டி, சேஃபுக்குள். ஏஆரில் ஹேமர் (உள்ளே தட்டும் சுத்தியல் பாகம்) விழுந்திருந்தால் சேஃப்டி திரும்பாது. அதனால் காலி சேம்பரில் போல்ட்டை இழுத்து விட்டு, சேஃப்டியைப் போட்டு, அப்புறம் மேகசின். 30 ரவுண்டு மேகசினில் 28 போடுங்கள். நிறைய இருந்தால் மூடிய போல்ட்டில் சரியாக மாட்டாது. மாட்டியதும் கீழே ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

ராத்திரி சந்தேகம் வந்து சேம்பர் செய்து, காலையில் இறக்கும் பழக்கம் வந்தால், அதே ரவுண்டைத் திரும்பத் திரும்ப மேலே வைக்காதீர்கள். ஏஆரின் ஃபயரிங் பின் தளர்வாக ஆடக்கூடியது, போல்ட் மூடும் ஒவ்வொரு தடவையும் ப்ரைமரில் (தோட்டா அடியில் தீப்பொறி தரும் பொத்தான்) லேசாக ஒரு குழி போடும். குண்டும் உள்ளே அமுங்கும். அப்படிப்பட்ட ரவுண்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். அமுங்கியது கண்ணுக்கே தெரிந்தால் சுடவே வேண்டாம்.

பராமரிப்பு: ஹூஸ்டன் ஈரப்பதத்தில் துப்பாக்கியின் எதிரி கரி இல்லை, துரு. கடையில் கொடுத்த ஸ்பாஞ்ச் பெட்டிக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். கராஜில் வைக்கவே கூடாது. சேஃபுக்குள் சிறிய ஹீட்டர் தடி அல்லது சிலிக்கா ஜெல். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்து, போல்ட்டுக்குச் சொட்டு எண்ணெய். கேரியர் உரசும் நான்கு தடம், கேம் பின், போல்ட் ரிங் (வாயு கசியாமல் தடுக்கும் வளையம்). ஏஆர் அழுக்கில் ஓடும், காய்ந்து கிடந்தால் சிக்கும்.

ரிங் தேய்ந்ததா என்று பார்க்க, போல்ட்டை வெளியே இழுத்த நிலையில் கேரியரைப் போல்ட் முகத்தின் மேல் நிறுத்துங்கள். தன் எடையிலேயே கேரியர் கீழே இறங்கிவிட்டால் ரிங் மாற்றும் நேரம். சில டாலர்தான்.

ரெட் டாட் மவுண்டின் திருகை டார்க் (torque) ரெஞ்சால், கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, தலைக்கும் மவுண்டுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு நகர்ந்திருக்கிறது. பேட்டரி வருடம் ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றுங்கள். சிஆர்2032 வாங்கும்போது குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு போட்டவை உண்டு. சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கும். போட்டவுடன் எரிகிறதா என்று பாருங்கள்.

நியூஜெர்சி_நாயகன்

கதவைப் பற்றி யாருமே பேசவில்லை. பின்கதவுச் சட்டத்தில் ஸ்ட்ரைக் ப்ளேட்டை (தாழ்ப்பாள் நுழையும் தகடு) பிடித்திருப்பது முக்கால் அங்குலத் திருகுதான். மூன்று அங்குலத் திருகு போட்டால் உள்ளே ஸ்டட் வரை இறங்கும், ஒரே உதையில் பெயராது. செலவு ஐந்து டாலர்.

ஆஸ்டின்_அண்ணாச்சி

இதற்கு எதிர்ப்பேச்சே இல்லை. இந்த இழையிலேயே மலிவான யோசனை நாயகனுடையது.

காதையும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் .223 சுட்டால் 160 டெசிபல் அளவு. 140ஐத் தாண்டினாலே காது நிரந்தரமாகக் கெடலாம். சேஃபிலேயே எலெக்ட்ரானிக் இயர்மஃப் ஒன்று வையுங்கள். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், வெடிச்சத்தத்தை அடக்கும். சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழல்) யோசிப்பவர்களுக்கு: 2026 ஜனவரியிலிருந்து 200 டாலர் வரி பூஜ்ஜியம். பதிவு, கைரேகை, அனுமதி எல்லாம் அப்படியே.

கேட்டி_குடும்பஸ்தன்

திருகு மாற்றியாச்சு. கடைசியாக ஒன்று. டிசம்பரில் சென்னை போகிறோம். ஒரு மாதம் வீடு பூட்டியிருக்கும். துப்பாக்கியை அப்படியே விட்டுப் போகலாமா?

பிரிஸ்கோ_பாவை

சேஃபில் பூட்டி, போல்ட்டை மட்டும் கழற்றி வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சில ரேஞ்ச்களிலும் கடைகளிலும் வாடகைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எச்-1பி நண்பர் வீட்டில் கொடுத்து வைக்காதீர்கள், மேலே சொன்ன சட்டம் அவரைப் பிடிக்கும்.

இன்னொன்று, ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையை ஊர் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் ஒரே ஒரு ரவுண்டு மாட்டிக்கொண்டிருந்தாலும், இங்கே ஸ்கேனில் தப்பித்து, திரும்பும்போது மீனம்பாக்கத்தில் அகப்பட்டால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் கோர்ட் ரத்து செய்யும், செய்திருக்கிறார்கள். ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் லீவும் வக்கீல் செலவும் உங்கள் கணக்கில். பிள்ளைகளின் ஸ்கூல் பையையும் சேர்த்து எல்லாப் பைகளையும் தலைகீழாகக் கொட்டிவிட்டு பேக் பண்ணுங்கள்.

மான்வேட்டை_மாமா

என் வேட்டைக் கோட்டுப் பாக்கெட்டிலும் பார்க்கணும்போல. தம்பி, நல்லபடியாய்ப் போய் வாருங்கள். வந்ததும் ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, ஷாட்கன் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.